ஓடாதவர்களின் படம்

குத்தாலம்
19 ஆகஸ்ட் 2025

மாதங்கிக்கு,

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலன்று வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தியதற்குப் பிறகு உன் போனை நான் எடுக்கவில்லை. இனியும் எடுப்பதாக இல்லை. உன் குரலைக் கேட்டால் ஒன்று மனசு இளகிவிடும், இல்லாவிட்டால் மறுபடியும் கத்துவேன். இரண்டுமே இப்போது வேண்டாம். அதனால் தபால்.

நேற்று அம்மா டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கோ ஒரு நாடு, என்னவோ சண்டை. ஆளில்லாத விமானம் ஒன்று தானாகவே குறி பார்த்துச் சுட்டதில், வயலுக்குத் தண்ணீர் திறக்கப் போனவர்கள் செத்துப்போனார்கள் என்று வாசித்தார்கள். வாய்க்கால் கரையில் கிடந்த மண்வெட்டிகளைக் காட்டினார்கள். காம்பு கொஞ்சம் நீளம், மற்றபடி நம் மண்வெட்டிதான். “பாவம்டா, நம்மூர் வயல் மாதிரியே இருக்கு” என்று சொல்லிவிட்டு அம்மா காபி ஆற்றப் போனாள். அவளைப் பொறுத்தவரை நீ பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாய். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், சம்பா நடவு சமயம், “அண்ணா, உன் மருந்து அடிக்கிற ட்ரோனில் ஒரு கேமரா மாட்டித் தருகிறேன். வயலில் வேலை செய்கிறவர்களை மேலேயிருந்து படம் எடுத்துக் கொடு. மனுஷாளை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு மெஷினுக்குச் சொல்லித் தரணும்” என்றாய். மருந்து ஆட்கள் மேல் விழாமல் இருப்பதற்காக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். நீ அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் நினைத்ததையே சுந்தரி அக்காவிடமும் அவளுடைய நடவு ஆட்களிடமும் சொன்னேன். என்னை நம்பி அந்தப் பருவம் முழுக்கப் படத்துக்கு நின்றார்கள். உங்கள் கம்பெனி செய்வது ஆயுதம் என்று இந்தப் பொங்கலுக்குத்தான் உன் வாயிலிருந்தே கேட்டேன். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அது உங்களுடையதா? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

ரகுராமன்


பெங்களூரு
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

ஆமாம். எங்களுடையதுதான்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டிருப்பேன். இதை ஈமெயிலில் அனுப்ப முடியாது. ஆபீஸ் லேப்டாப்பையும் போனையும் அவர்கள் பார்க்கிறார்கள். வெளியே சொன்னால் ஜெயில் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் எனக்கும் இனிமேல் தபால்தான்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் நான் என்ன வேலை செய்தேன் என்று ஒருமுறை முழுதாகக் கேள். அந்த மெஷினுக்கு யாரைச் சுட வேண்டும் என்று சொல்லித் தருவது வேறு ஒரு குழு. யாரைச் சுடக்கூடாது என்று சொல்லித் தருவது என் குழு. விவசாயி, மாடு மேய்க்கிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. நான் சேராமல் இருந்திருந்தால் அந்த வேலையை அரைகுறையாகச் செய்கிற யாராவது செய்திருப்பார்கள். பயத்தில் சுடுகிற, கோபத்தில் சுடுகிற சிப்பாயைவிட நன்றாகக் கற்ற மெஷின் மேல் என்று நான் நிஜமாகவே நம்பினேன். உன்னிடம் பாதி மறைத்துக் கேட்டது தப்பு. அந்த வேலை தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த மாதம் வரைக்கும் தோன்றவில்லை.

விசாரணையில் என்னையும் உட்கார வைத்தார்கள். அந்த வீடியோவை நான் பார்த்தேன், அண்ணா. மேலே சத்தம் கேட்டதும் வாய்க்காலில் இருந்தவர்கள் மண்வெட்டியைக்கூடப் போடாமல் நாலா பக்கமும் ஓடுகிறார்கள். ஓடியவர்களை எல்லாம் மெஷின் எதிரி என்று குறித்தது. திரையின் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் சம்மதம் சொல்லாமல் அது சுடாது. மெஷின் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறதே என்று அவரும் அழுத்திவிட்டார். கால் சரியில்லாத ஒரு கிழவர் மட்டும் ஓட முடியாமல் கரையில் அப்படியே நின்றுவிட்டார். அவரை மெஷின் விவசாயி என்று சரியாகக் குறித்தது. அவர் ஒருவர்தான் மிச்சம்.

ஏன் என்று தேடிக்கொண்டே போனேன். கடைசியில் நீ அனுப்பிய படங்களில் வந்து நின்றேன். விவசாயி என்று அந்த மெஷினுக்குக் காட்டிய படங்களில் பெரும்பகுதி நம்மூர்ப் படங்கள்தான். அவற்றில் ஒருவர்கூட ஓடவில்லை. எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். தலையில் கட்டின துண்டை அவிழ்த்து மேலே தூக்கிப் பிடிக்கிறார்கள். எல்லாப் படத்திலும், எல்லோருமே. கேமராவுக்குக் கையாட்டுகிறார்கள் என்று நினைத்து அப்போது நான் சிரித்துக்கொண்டே ஏற்றினேன். ஏன் அப்படி நின்றார்கள்? நீ நிற்கச் சொன்னாயா?

மாது


குத்தாலம்
4 செப்டம்பர் 2025

மாது,

நான் சொல்லவில்லை. சுந்தரி அக்கா போட்ட சட்டம் அது.

நான் ட்ரோன் வாங்கின புதிதில் நம் வயல் ஆள் துரைராசு வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். நான் பார்க்கவில்லை. மருந்து அவன் மேலேயே இறங்கிவிட்டது. கண் ரெண்டும் வீங்கி மாயவரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் திரும்பி வந்த அன்றைக்கு சுந்தரி அக்கா எல்லோரையும் கரையில் நிறுத்திப் பேசினாள். “சத்தம் கேட்டா ஒருத்தரும் ஓடப்படாது. ஓடுனா தம்பிக்கு யாரு எங்க இருக்கான்னு தெரியாது. நின்ன எடத்துலயே நின்னு துண்டைத் தூக்கிக் காட்டணும். ஆளு இருக்கோம்னு அவருக்குத் தெரியணும்.” அன்றிலிருந்து அப்படித்தான். பக்கத்து ஊர்க்காரர்களும் அதையே பழகிவிட்டார்கள். புதிதாக நடவுக்கு வருகிற பெண் பயந்துபோய் ஓடினால் இவள் போடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வயலுக்குப் போகவே பிடிக்கவில்லை. போகாமலும் முடியவில்லை. குறுவையில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது, மருந்து அடித்தே ஆக வேண்டும். இன்றைக்கு மெஷினைக் கிளப்பினேன். களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து துண்டைத் தூக்கினார்கள். பாதியிலேயே இறக்கிவிட்டேன். “என்னா தம்பி, பேட்டரி போயிடுச்சா?” என்று துரைராசு கேட்டான். ஆமாம் என்றேன்.

எங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நாங்கள் பழகினது, வேறு எங்கோ ஒருத்தன் உயிரை எடுத்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர்கள் ஓடினதில் என்ன தப்பு? அவர்கள் ஊரில் மேலே பறப்பது குண்டு போடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஓடத்தானே செய்வார்கள்? பயந்து ஓடுகிறவனும் விவசாயிதான் என்று அத்தனை படித்தவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? சரி, எனக்கும்தான் தோன்றவில்லை. ஆனால் நான் பூச்சிக்கு அடிக்கிறவன்.

விட்டுவிட்டு வந்துவிடு. இந்த வீட்டில் உனக்குச் சோறில்லையா? ஒரு மனுஷன் சாவதா வேண்டாமா என்பதை ஒரு மெஷின் தீர்மானிக்கக்கூடாது. அதற்கு நீ எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் கூடாது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரகு


பெங்களூரு
15 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். வந்துவிடலாம் என்று தினமும் தோன்றுகிறது. ஆனால் நான் வந்துவிட்டால் அந்த மெஷின்கள் என்ன ஆகும்? அவை விற்றாகிவிட்டன, அண்ணா. இன்றைக்கும் பறந்துகொண்டிருக்கின்றன. திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். “போர் நடக்கும்போது எவன் திருப்பிக் கொடுப்பான்?” என்று என் மேலதிகாரி சிரித்தார்.

நிறுத்த முடியாது. திருத்தலாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். அவர்கள் ஓடுவதைப் படம் எடுத்து அனுப்பு.

உடனே கிழித்துப் போட்டுவிடாதே. முழுதாகப் படி. பயந்து ஓடுகிறவர்களும் வயலில் வேலை செய்கிறவர்கள்தான் என்று அந்த மெஷினுக்குக் காட்ட வேண்டும். காட்டினால்தான் அது கற்கும். நடிகர்களை வைத்து எடுக்கலாம் என்றார்கள். அவர்கள் வரப்பில் ஓடத் தெரியாமல் விழுவார்கள், மண்வெட்டியைப் பிடிக்கும் விதமே வேறாக இருக்கும், மறுபடியும் தப்பாகத்தான் கற்கும் என்று நான்தான் தடுத்தேன். தாழப் பறந்து, நிஜமாகவே பயப்படுகிற மாதிரி எடுக்க வேண்டும். குறுவை அறுத்து, தாளடி நடுவதற்கு முன்னால் வயல் காலியாக இருக்குமே, அப்போது எடுக்கலாம்.

இந்த முறை எதையும் மறைக்க வேண்டாம். சுந்தரி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல். ஆயுதம் என்று சொல். செத்தவர்களைப் பற்றியும் சொல். அவர்கள் மாட்டேன் என்றால் விட்டுவிடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் நாளைக்கே இன்னொரு வாய்க்காலில் இன்னும் சில பேர் ஓடலாம். நீ அனுப்பினால் அவர்கள் பிழைப்பார்கள். எனக்கு இப்போது அது ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது.

நீ மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன்.

மாது


பெங்களூரு
6 அக்டோபர் 2025

அண்ணா,

அவசரம். படம் எடுக்காதே. எடுத்திருந்தால் யாரிடமும் கொடுக்காதே.

உன்னிடமிருந்து பதில் வராததால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். தாங்காமல், போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் போனிலிருந்துகூடக் கூப்பிட்டுப் பார்த்தேன். பெங்களூர் நம்பர் என்று நீ எடுக்கவில்லை போலிருக்கிறது.

இன்றைக்கு ஒரு மீட்டிங். அடுத்த மாடலைப் பற்றி. அதில் திரையின் முன்னால் உட்காருகிற ஆள் இல்லை. சம்மதம் கேட்காது. தானே பார்க்கும், தானே தீர்மானிக்கும், தானே சுடும். நான் எழுந்து, போன தடவை இத்தனை பேர் செத்த பிறகுமா என்று கேட்டேன். அதற்கு மேலதிகாரி சொன்ன பதில் தெரியுமா? “அந்த ஆளும்தானே தப்பாக அழுத்தினான்? அவனால் என்ன பிரயோஜனம்? மெஷின் தப்பைத் திருத்திக்கொள்ளும், மனுஷன் திருத்திக்கொள்ள மாட்டான். கிராமத்துப் படங்கள் வந்ததும் திருத்திவிட்டோம் என்று வாங்குகிறவர்களிடம் காட்டலாம். இனிமேல் ஆளே வேண்டாம் என்பதற்கு அதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?”

நான் எதைத் தேடித் தேடிச் செய்தேனோ அதையே சான்றாகக் காட்டி, திரை முன்னால் இருக்கிற அந்த ஆளை நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பப்போகிறார்கள். அந்த ஆளைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஜூனில் ஒரு நாள், வரிசையாக நடந்து போகிற ஒரு கூட்டத்தை மெஷின் எதிரி என்று குறித்திருந்தது. நாலு பேர் நீளமாக எதையோ தோளில் தூக்கிப் போகிறார்கள். மெஷினுக்கு அது ராக்கெட். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், விடுங்கள்” என்றாராம். யாரும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை. அவர் வீட்டிலும் யாரையாவது அப்படித் தூக்கியிருப்பார்கள்.

நம்மூரில் துண்டைத் தூக்குவார்கள் என்பது எனக்கே தெரியவில்லை, நான் பிறந்த ஊர். மற்ற ஊர்களில் என்னென்ன பழக்கமோ! நான் ஓடுவதைச் சொல்லிக் கொடுப்பேன். வேறு எங்கோ வேறு ஒன்றைச் செய்வார்கள். அன்றைக்கு விடுங்கள் என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இருக்கமாட்டார்.

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு அங்கே இருப்பேன். அதுவரை எதையும் கொடுத்துவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

மாது


குத்தாலம்
7 அக்டோபர் 2025

அன்புள்ள மாதுவுக்கு,

உனக்கு உடனே பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுத என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு வாரமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அறுப்பு முடிந்த பிறகு சுந்தரி அக்காவைக் கூப்பிட்டு வரப்பில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் வரப்பில் இருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு, “செத்தவங்கள்ல பொம்பளையும் உண்டா?” என்று கேட்டாள். உண்டு என்றேன். “ஓடுனதுக்காவா?” என்றாள். ஆமாம் என்றேன். “நான்தான ஓடாதீங்க ஓடாதீங்கன்னு இவளுவளப் புடிச்சு நிறுத்துனேன்” என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். உன்மேல் தப்பில்லை அக்கா, என்மேல்தான் என்று என்னென்னவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை. எழுந்து போகும்போது, “ஓடுனா அவங்க பொழைப்பாங்கன்னா ஓடிப்புடறோம் தம்பி. ஓடுறதுக்கு என்னா கேடு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். அறுத்த தாள் காலைக் குத்தும் என்று சிலர் பழைய செருப்பு போட்டுக்கொண்டு வந்தார்கள். முதலில் ஒரே சிரிப்பு. துரைராசு வேட்டி அவிழ்ந்து விழுந்தான், அதற்கு ஒரு சிரிப்பு. நான் மெஷினை ஏற்றினால் பாதிப் பேர் பழக்கத்தில் துண்டைத் தூக்கிவிடுகிறார்கள். “அதான் வேணாங்கறேன், ஓடுங்கடி!” என்று சுந்தரி அக்கா கத்துகிறாள். அவள் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்புறம் நீ எழுதினபடி தாழ இறக்கினேன். தலைக்கு மேலேயே. சிரிப்பு நின்றுவிட்டது. மண்வெட்டியும் கையுமாக நாலா பக்கமும் ஓடினார்கள். ஒருத்தி வாய்க்காலில் விழுந்து எழுந்து ஓடினாள். ஒருத்தி தன் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். அந்தப் பெண் திருத்துறைப்பூண்டியில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள், இங்கே இல்லவே இல்லை. நான் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, அவர்களைத் துரத்திக்கொண்டே இருந்தேன். யார் எங்கே ஓடுகிறார்கள் என்று திரையில் மட்டும்தான் பார்த்தேன், நிமிர்ந்து வயலைப் பார்க்க முடியவில்லை. ஜென்மத்துக்கும் இன்னொரு தடவை செய்யமாட்டேன்.

முடிந்ததும் எல்லோருக்கும் அம்மா டீ கலந்து கொடுத்தாள். ஓடியவர்கள் டம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

நேற்று காலை உங்கள் ஆபீஸிலிருந்து ஒருவர், படம் எடுத்தாகிவிட்டதா என்று பார்க்கக் காரில் வந்தார். மாதங்கி மேடம் சொன்ன படங்கள்தானே என்றார். மரியாதையான பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கொடுத்து அனுப்பிவிட்டேன். தபாலில் அனுப்பி நாள் கடத்த வேண்டாம், அதற்குள் இன்னும் நாலு பேர் போய்விடக்கூடாது என்றுதான்.

பொங்கலன்று பேசினதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே. தீபாவளிக்கு வா. சுந்தரி அக்கா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அண்ணன் ரகு


குத்தாலம்
11 அக்டோபர் 2025

மாது,

உன் ஆறாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. நீ எழுதின அன்றைக்குக் காலையில்தான் அந்தப் பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் விட்டுப்போன நம்பருக்குக் கூப்பிட்டேன். தப்பான படங்கள், திருப்பிக் கொடுங்கள் என்றேன். “சார், மெஷின் எடுத்துக்கிட்டாச்சு சார். ரொம்ப நல்லா வந்திருக்கு. எங்க எல்லாருக்கும் சந்தோஷம்” என்றார். நான் அழுதேன். அவர் லைனை வைக்கவில்லை, பாவம். கேட்டுக்கொண்டே இருந்தார்.

நீ வேலையை விட்டது சரி. ஆனால் விட்டுவிட்டு இங்கே வந்து என்ன செய்வாய்? ஜெயில் என்றால் ஜெயில். பேப்பர்காரனிடமோ, கோர்ட்டிலோ, எங்கே பேசினால் காது கேட்குமோ அங்கே போய்ப் பேசு. கூட நான் நிற்கிறேன். இந்த வீட்டுக்கு ஜப்தி வந்தாலும் நிற்கிறேன். நீ கையெழுத்துப் போட்டாய். சுந்தரி அக்காவும் ஆட்களும் போடவில்லை. அவர்கள் ஓடினார்கள்.

இன்று நம் கீழ் வயலில் தாளடி நடவு. சுந்தரி அக்கா வரிசையை விட்டுக் கரைக்கு ஏறி வந்தாள். கையிலிருந்த நாற்றைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“நம்ம ஓடுனது போயிச் சேந்துடுச்சா தம்பி?”

“சேந்துடுச்சு அக்கா.”

“இனிமே அங்க அவங்க ஓடுனா சுடாதுல்ல?”

“சுடாது அக்கா” என்றேன்.

அவள் கீழே இறங்கிப் போய் அதை மற்றவர்களிடம் சொன்னாள். குனிந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி குலவையிட்டாள். பிறகு எல்லோரும் சேர்ந்து இட்டார்கள். சத்தம் ரோடு வரைக்கும் போனது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

திரை முன்னால் இருந்த ஆளை எழுப்பி அனுப்ப அந்த ஓட்டம்தான் சான்றாகப் போகிறது என்கிற மீதியை அவர்களிடம் எப்போதாவது சொல்லத்தான் வேண்டும். இந்த நடவு முடிகிற வரைக்கும் என்னால் முடியாது. நீ வந்து இறங்கினால் சுந்தரி அக்கா உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பாள். உனக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயசிலிருந்தே வராது. உன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தீபாவளிக்கு வராதே.

ரகு